மூன்றாவது பிள்ளை

சுக்லோவின் மகன் கழுத்து விறைக்கும் காய்ச்சலில் இறந்த எட்டாம் நாள், ஊர்த்தலைவரின் வாயாக இருந்து பேசும் வுலானா, நெய்ந்தோவின் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார்.

"நாளைக்குக் காலையில உன் பொண்ணைக் கூட்டிட்டு வா. மூணாவது பிள்ளை அவதான்."

நெய்ந்தோ தலையை ஆட்டினான். செத்தவன் அவனுடைய சொந்த அண்ணன் மகன். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கும்பிகியில் இளம் சாவு விழுந்தால் பிள்ளைகளைக் கேட்பது வழக்கம். பெரியவர்கள் வாயில் பொய் வரும், பால்பல் விழுந்து முளைக்கிற வாயில் வராது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. மூன்று பிள்ளைகளைத் தலைவரின் முற்றத்தில் நிறுத்தி, "உன் தூக்கத்தில் வந்தது யார்?" என்று கேட்பார்கள். மூவரும் ஒரே பெயரைச் சொன்னால், அந்தப் பெயருக்குரியவள்தான் உயிரைத் தின்றவள். பொழுது சாய்வதற்குள் அவள் ஆற்றைக் கடந்துவிட வேண்டும். அப்படிக் கடந்தவர்களின் குடிசைகள் அக்கரையில் இருபதுக்கு மேல் இருந்தன. அங்கே ஓர் ஆண்கூட இல்லை என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மூன்று பிள்ளைகளும் வேறு வேறு பெயர் சொன்னதாக ஊரில் ஒரு கதைகூடக் கிடையாது. எப்படி இருக்கும்? முதல் நாளே வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து விடுவார்களே.

இந்தத் தடவை சொல்ல வேண்டிய பெயர் திபாக்யா. ஷியா என்னும் காட்டு மரத்தின் கொட்டையை இடித்து வெண்ணெய் எடுத்து விற்கும் விதவை. மகன்கள் இருவரும் தெற்கே பிழைக்கப் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாதவள், வாயும் சும்மா இருக்காது. போன மழைக்காலத்தில் ஒரு ஷியா மரத்துக்காகச் சுக்லோவின் பெண்டாட்டியோடு சண்டை போட்டிருந்தாள். அது போதும்.

அன்று மதியம் நெய்ந்தோ நான்கு காராமணி வடை வாங்கி வந்து தட்டில் வைத்து மகள் மல்திதியிடம் கொடுத்தான். அவளுக்குப் பத்து வயது. கோரைப்பல் ஒன்று பாதி வளர்ந்திருந்தது.

"நாளைக்கு உன்னைக் கேப்பாங்க. திபாக்யா பெரியம்மா வந்தாங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

மல்திதி வடையைக் கடித்தபடி யோசித்தாள். "எங்க வந்தாங்க?"

"உன் தூக்கத்துல."

"வரலையே. ஆடுதான் வந்துச்சு."

"வந்தாங்கன்னு சொன்னா போதும்டி."

"நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்போ உங்களையும் கேட்டாங்களாமே? என்னோட நிக்கப்போற மும்முனி சொன்னான். உங்க தூக்கத்துல யாருப்பா வந்தா?"

நெய்ந்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நபாகா சின்னம்மா."

"என்ன துணி கட்டியிருந்தாங்க?"

எதைச் சொல்வது? நபாகா அவன் அப்பாவின் இளைய மனைவி. பெற்றவள் பிரசவத்தில் போனபின் அவனுக்குக் களி கிண்டிப் போட்டவள் அவள்தான். அவனுக்கு ஒன்பது வயதானபோது பக்கத்து வீட்டுக் குழந்தை இறந்தது. அப்பாவின் மூத்த சகோதரர் ஒரு கோழித் தொடையைக் கையில் கொடுத்துப் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். அவன் சொன்னான். அவள் மூட்டையோடு ஆற்றில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவன் தலைவரின் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். முப்பத்திரண்டு வருடம் ஆயிற்று.

அடுப்படியில் இருந்து அவன் மனைவி லமிகி சொன்னாள். "உங்க அண்ணன் மகன் போனது எனக்கும் வயித்தெரிச்சல்தான். அதுக்கு என் மகள் வாய்தானா கெடச்சுது?"

"ஊர் வழக்கம்."

"ஆமா. உங்க கோழித் தொடை மாதிரி."

நெய்ந்தோ எழுந்து வெளியே போய்விட்டான். மல்திதி மீதி மூன்று வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டிருந்ததை அவன் பிறகுதான் பார்த்தான்.

காலையில் முற்றம் நிறைந்திருந்தது. புழுதிக் காற்றில் எல்லார் புருவமும் வெளுத்திருந்தது. தலைவர் மாட்டுத்தோல் விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் திபாக்யா தரையில் இருந்தாள். சட்டி பானையெல்லாம் சேர்த்து மூட்டையைக் கட்டியே கொண்டுவந்திருந்தாள். முடிவு அவளுக்குத் தெரியும்.

வுலானா முதலில் மும்முனியைக் கேட்டார். அவன் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னான். "திபாக்யா பெரியம்மா."

அடுத்து சனாத்து. ஏழு வயதுப் பெண். "திபாக்யா பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, சரிதானா என்று சுக்லோவின் முகத்தைப் பார்த்தாள்.

"மல்திதி, உன் தூக்கத்துல யாரும்மா வந்தா?"

"ஆடு வந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். வுலானா குரலை உயர்த்தினார். "ஆடா?"

"மூணு ஆடு. ஒண்ணு நொண்டி. எங்க வெண்டிச் செடியத் தின்னுச்சு, நான் தொரத்தினேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆட்டுக்குப் பின்னாடி ஒரு பொம்பளை வந்திருப்பா."

"இல்லையே. நான்தான் பின்னாடி ஓடினேன்."

சுக்லோவால் பொறுக்க முடியவில்லை. மகனைப் புதைத்தவன். "சொல்லிக்குடுத்தது என்னடி, நீ சொல்றது என்னடி?"

முற்றத்தில் சளசளப்பு சட்டென்று அடங்கியது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் முற்றத்தில் வைத்து அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மல்திதி பெரியப்பாவைப் பார்த்தாள். "சொல்லிக்குடுத்தது ஞாபகம் இருக்கு பெரியப்பா. ஆனா இவங்க கேட்டது கனவைத்தானே?"

கூட்டத்தின் பின்பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது. "கிழவி புள்ளை நாக்கைக் கட்டிட்டா! ரெண்டு பேரையும் சேத்து ஆத்தைத் தாண்ட வைங்க!" இன்னும் நாலைந்து குரல்கள் அதோடு சேர்ந்தன.

நெய்ந்தோ மகளின் கைகளைப் பார்த்தான். பாவாடையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆனால் கால் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள், உடைந்த குரலில். "ஆனா வரலைன்னா வரலைதான்."

சனாத்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். "எனக்கும் வரல! எனக்கு வடை குடுத்தாங்க!"

நெய்ந்தோவுக்கு வெட்கம் உச்சி வரை ஏறியது. பெருமையும் அதோடு கலந்துதான் ஏறியது. தன் நெஞ்சுயரம்கூட வராத பெண், தான் ஒன்பது வயதில் செய்ய முடியாததை, நாற்பத்தொன்றிலும் செய்யாததைச் செய்துகொண்டு நிற்கிறாள். அவன் எழுந்து போய் மகளின் பக்கத்தில் நின்றான். என்ன பேசப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது.

"தலைவரே, நபாகாவை அனுப்பினப்போ மூணாவது பிள்ளை நான். என் தூக்கத்துல யாரும் வரல. எனக்குச் சோறு போட்டவ அவ. கோழித் தொடை தின்னுட்டுப் பொய் சொன்னேன்."

"வாயை மூடுடா!" என்றான் சுக்லோ.

"நம்ம பையன் காய்ச்சல்ல போனான்ணே. நான்தானே தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடினேன். அவன் கழுத்து கட்டை மாதிரி இருந்துச்சு. இந்த மாசம் மூணு ஊர்ல அதே காய்ச்சல். மூணு ஊருக்கும் இந்தக் கிழவியா நடந்து போனா?"

சுக்லோ அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

தலைவர் விரிப்பிலிருந்து எழுந்தார். வழக்கத்தை அவர் ஒருநாளும் தப்பென்று சொன்னவரில்லை, அன்றும் சொல்லவில்லை. "மூணு வாய் ஒண்ணு சேரல" என்றார். "வழக்கப்படி அனுப்ப முடியாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

திபாக்யா எழுந்து மூட்டையைத் தூக்கினாள். "ராத்திரி பூரா கட்டினேன். இனிமே இதை அவுக்கணும்" என்று சிடுசிடுத்தாள். மல்திதியைக் கடக்கும்போது மட்டும் நின்று, அவள் தலையில் கையை வைத்து அழுத்தினாள்.

அதோடு வழக்கம் ஒழிந்தது என்று சொல்ல முடியாது. திபாக்யாவிடம் ஒரு பருவம் முழுக்க யாரும் வெண்ணெய் வாங்கவில்லை. சுக்லோ தம்பியோடு பேசுவதை நிறுத்தினான். ஆனால் கும்பிகிப் பிள்ளைகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் யாராவது எதையாவது மழுப்பினால், "ஆடு வந்துச்சு, ஆடு வந்துச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். மறுவருடம் ஒரு சாவு விழுந்தபோது மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வுலானா வீடு வீடாகப் போனார். எந்தப் பிள்ளை முற்றத்தில் நின்று எதைப் போட்டு உடைக்குமோ என்று பெற்றவர்களுக்குக் கிலி. ஒருவரும் கொடுக்கவில்லை.

மல்திதி முற்றத்தில் நின்ற அந்த வருடமே, முதல் மழைக்கு முன், ஆறு முழங்கால் அளவு இருந்தபோது, நெய்ந்தோ மகளைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனான். நபாகா உயிரோடு இருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. சோளத்தை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

"நெய்ந்தோ" என்றாள், கேள்வியாக இல்லாமல்.

அவன் அவள் முன்னால் மண்ணில் குந்தினான். "சின்னம்மா, அன்னிக்கு நான் சொன்னது பொய்."

"எனக்குத் தெரியாதா? கனவுல வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே." முறம் நின்றது. "ஒம்பது வயசுப் புள்ளை மேல எனக்குக் கோவம் வரல. பெரியவன் ஆனதும் வருவான்னு இருந்தேன். இருபது வயசு ஆயிருக்கும், இன்னிக்கு வருவான்னு இருந்தேன். முப்பது ஆயிருக்கும். அப்பவும் இருந்தேன். கோவம் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு."

அவள் பார்வை மல்திதியின் பக்கம் போயிற்று.

"இது யாரு?"

"என் பொண்ணு. மல்திதி." நடந்ததை அவன் சொன்னான். ஆடு, நொண்டி, வெண்டிச் செடி, ஒன்றையும் விடவில்லை. நபாகா கேட்டுக்கொண்டே இருந்தாள். நொண்டி ஆடு வரும்போது அவள் உதடு சிரிப்பில் கோணிற்று.

"இங்க வாடி" என்று கூப்பிட்டாள். மல்திதி போனாள். நபாகா அவள் முகவாயைப் பிடித்துத் தூக்கி, அந்தப் பாதி வளர்ந்த பல்லைப் பார்த்தாள்.

"நான் அந்தக் கரைக்குத் திரும்பி வரமாட்டேன். என் வீடு இதுதான்" என்றாள், நெய்ந்தோவின் பக்கம் திரும்பாமலே. "ஆனா இவளை அனுப்பு. நீ வேணும்னா கூட்டிட்டு வர்ற சாக்குல வந்துக்கோ."

பிறகு எழுந்து, களி கிண்டத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். மூன்று பேருக்கு.