சகனில் என் பக்கம்

ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். எழுந்து மோட்டார் போடுவேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைப்பேன். மகள் ஃபரீனின் கைகளில் மாட்டியிருக்கும் காலுறைகளைக் கழற்றுவேன். இரவில் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். காலுறை இல்லாவிட்டால் சொறிந்து ரத்தம் வந்துவிடும். அவள் விழித்ததும் ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். மஞ்சளாகத்தான் இருக்கும். மருந்தைச் சிரிஞ்சில் எடுத்து வாயில் விடுவேன். துப்புவாள். மறுபடி விடுவேன். பிறகு எனக்கு முட்டை வேகவைத்து, மோரில் உப்புப் போட்டு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, ஃபரீனை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுக் கடை திறக்கப் போவேன்.

முட்டையும் மோரும் புதிது. மற்றதெல்லாம் பழைய வேலைதான். பாதியை என் மனைவி ஜன்னத் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழுப்பெயர் ஜன்னதுல் பிர்தௌஸ். டெங்குவில் இறந்தாள்.

ஃபரீனுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்து பித்தக்குழாயில் கோளாறு. கல்லீரல் கெட்டுவிட்டது. பெற்றவர்களில் ஒருவர் தன் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால் பிழைப்பாள். ஜன்னத் கொடுப்பதாக இருந்தது. சோதனைகள் முடிந்து தேதியும் குறித்துவிட்டார்கள். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

மிஞ்சியது நான். ரத்த வகை பொருந்தியது. ஆனால் என் ஈரலில் கொழுப்பு. சென்னையில் டாக்டர் ஸ்கேனைக் காட்டினார்.

"இத வெச்சிக்கிட்டு உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாது அன்சர். எடையக் குறைங்க. ரெண்டு மாசத்துல மறுபடி ஸ்கேன். குறைஞ்சிருந்தா ஆபரேஷன். இல்லன்னா வேற ஆள் பாருங்க."

வேறு ஆள் இல்லை. என் பெற்றோர் இல்லை. மாமியாருக்கு வயதும் சர்க்கரையும். என் பக்கத்து உறவில் யாருடைய ரத்தமும் சேரவில்லை.

அரிசிச்சோறு, சர்க்கரை, மைதா, எண்ணெயில் பொரித்தது எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். முட்டை, காய், கீரை, மோர், கொஞ்சம் கறி. மதியம் ஒரு பிடி சாமைச்சோறு. ஆஸ்பத்திரியில் உணவுமுறை சொல்லித்தந்த பெண் எச்சரித்தார்: "முதல் வாரம் கை கால் ஓய்ஞ்சிடும் சார். தலை சுத்தும், எரிச்சல் வரும். அப்ப உக்காந்துடுங்க. உப்பு மோர் குடிங்க. இனிப்பு மட்டும் தொடாதீங்க. உடம்பு பழகிடும்."

சொன்னபடியே ஓய்ந்தது. ஷட்டரைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்கினேன். வாடிக்கையாளர் கேட்ட அளவு காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை.

எங்கள் கடையில் தார்ப்பாய், கயிறு, பசுமை வலை விற்கிறோம். வாரத்தில் ஒரு நாள் வேனில் ஏற்றி வெள்ளிமலைச் சந்தைக்குப் போக வேண்டும். மலையில் சாமை அடிக்கிறவர்களுக்குத் தார்ப்பாய் இல்லாமல் முடியாது. அந்த வாரமும் போனேன். சரக்கு ஏற்றி இறக்கக் கொளஞ்சியப்பன் கூட வந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

கச்சிராயப்பாளையம் வரை ஒன்றுமில்லை. கோமுகி அணை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கைகள் நடுங்கின. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் திரும்பியது. நான்தான் அதோடு திரும்பவில்லை என்று தோன்றியது. வளைவு முடிந்த இடத்தில் ஓரம் கட்டி நிறுத்தினேன். கொளஞ்சியப்பன் இறங்கி டயருக்குக் கல் வைத்தார்.

"இன்னா பாய், வண்டி சூடாயிடுச்சா?"

"வண்டி இல்ல. நான்."

சட்டைப்பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்தார். "இந்தாங்க. வாய்ல போட்டுக்குங்க. ஒண்ணுல இன்னா ஆயிடப் போவுது."

வாங்கிக்கொண்டேன். வெல்லத்தின் வாசனை வந்தது. நாக்கில் நீர் ஊறி வாயெல்லாம் நிறைந்தது. இரண்டு மாதத்தில் ஒரு மிட்டாய் எதையும் கெடுக்காது. எனக்கும் தெரியும். ஆனால் இன்று ஒன்று தின்றால் அடுத்த வளைவிலும் ஒன்று கேட்பேன். திருப்பிக் கொடுத்தேன்.

மதகுச் சுவரில் உட்கார்ந்து மோரைக் குடித்தேன். முட்டையில் உப்பைத் தொட்டுத் தின்றேன். தலையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். மலை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது.

"ஊர்ல இன்னா பேசிக்கினு இருக்காங்க தெரியுமா?" என்றார் கொளஞ்சியப்பன். "மாப்ள ஆவப் போறீங்களாம். சங்கராபுரத்துல பொண்ணு பாத்தாச்சாம். அதுக்குத்தான் தொப்பையக் கரைக்கறீங்களாம்."

"யார் சொன்னது?"

"வேற யாரு? உங்க பக்கத்துக் கடை கவுஸ் பாஷா பாய்தான். பொண்ணு ஒல்லியாம். ஜோடிப் பொருத்தம் வேணுமில்ல?" சிரித்துவிட்டு, நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா பாய்?"

"அதுக்கும் தெம்பு வேணும்."

உண்மையைத்தான் சொன்னேன். அன்றைக்கு இருந்த தெம்பு வளைவுகளுக்கு மட்டும்தான். நடுக்கம் நின்றதும் ஏறினேன். அதன் பிறகு கைகள் ஓயும் முன்பே நிறுத்தினேன். இரண்டு வளைவு ஓட்டுவது, இறங்கி உட்காருவது. பின்னால் வந்த ஜீப்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. சந்தையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி விற்றேன். மதியம் சுருட்டி வைத்த தார்ப்பாய் மேல் தூங்கினேன். வெயில் இறங்குவதற்குள் கீழே வந்து சேர்ந்தோம். இப்படித்தான் ஓட்ட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அடுத்த வாரமும் ஓட்டுவேன்.

அந்த வாரக் கடைசியில் ஜன்னத்துக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா வந்தது.

மாமியார் வீட்டில் ஓதி முடித்து நெய்ச்சோறும் தால்ச்சாக் குழம்பும் பரிமாறினார்கள். ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து உண்போம். சகன் என்று பெயர். அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்துத் தின்ன வேண்டும். யார் எவ்வளவு தின்றார் என்பதை ஒளிக்க முடியாது.

என் சகனில் உறவுக்காரர் இரண்டு பேர், கவுஸ் பாஷா, நான். மூன்று பக்கமும் சோறு குறைந்துகொண்டே போனது. என் பக்கம் அப்படியே நின்றது. ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தேன், அவள் பேரில் ஆக்கியது என்பதற்காக. அதோடு கையை எடுத்துவிட்டேன்.

"பாருங்க பாய், மதில் கட்டுன மாதிரி நிக்குது," என்றார் கவுஸ் பாஷா. "எப்பா, கல்யாணச் சோத்துக்குப் பசிய எடுத்து வெச்சிக்கினு இருக்கியா?"

ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கீழே பார்த்தார். வாசற்படியில் மாமியார் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"மாப்ள, கைய கழுவிட்டு உள்ள வாங்க."

மாமியார் பெயர் நூர்ஜகான். என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. சமையலறைக் கதவைச் சாத்தினார்.

"எம் பொண்ணு பேர்ல ஆக்குன சோறு. உங்களுக்கு எறங்கலியா?"

"மாமி…"

"அவ மவுத்தாயி நாப்பது நாளு. வேற பொண்ணு கட்டுங்க, நா வேணான்னு சொல்லல. நீங்க சின்ன வயசு. ஆனா இந்தச் சோத்த துன்னுட்டுக் கட்டுங்க."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

ஜன்னத் தன் அம்மாவிடம் ஒன்றை மறைத்திருந்தாள். ஈரலை ஆஸ்பத்திரியே தரும் என்று சொல்லி வைத்திருந்தாள். நானும் அதையே காப்பாற்றி வந்தேன். அவள் இல்லாதபோது அதில் யாருக்கு லாபம் என்று யோசித்தேன். யாருக்கும் இல்லை.

"ஃபரீனுக்கு வெக்கற ஈரல் ஆஸ்பத்திரியில கெடைக்காது மாமி. ஜன்னத் குடுக்கறதா இருந்தா. இப்ப நான் குடுக்கணும். என்னுதுல கொழுப்பு ஜாஸ்தி. அது கம்மி ஆனாதான் எடுப்பாங்க. அதுக்குத்தான் துன்றதில்ல."

மாமியார் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது.

"உசுரோட இருக்கறவங்க வயித்த அறுத்தா?"

"ஆமா. ஒரு துண்டுதான். திரும்ப வளந்துடும்."

"அவளையும் அறுக்கறதா இருந்தாங்களா?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க வுட மாட்டீங்கன்னு."

"வுட்டிருக்க மாட்டேன்." முக்காட்டால் முகத்தைத் துடைத்தார். "இப்பவும் எனக்கு இஷ்டமில்ல. ஒண்ணு போச்சி. இருக்கறதையும் படுக்க வெச்சி அறுக்கணுமா?"

பக்கத்து அறையில் ஃபரீன் தூக்கத்தில் சொறிகிற சத்தம் கேட்டது. மாமியார் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தவர் தால்ச்சா சட்டியில் கரண்டியை விட்டார். கறித்துண்டையும் சுரைக்காயையும் மட்டும் பொறுக்கி, மேலே மிதந்த எண்ணெயை வடித்து, ஒரு தட்டில் வைத்தார்.

"சோறு இல்ல. நெய் இல்ல. இது ஆவுமா?"

"ஆகும்."

"அப்ப துன்னுங்க. மிச்சம் வெக்காதீங்க."

தட்டை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் குரல் தெரு வரை கேட்டிருக்கும்.

"கவுஸ் பாஷா அண்ணே! எம் மருமவனுக்குப் பொண்ணு பாக்கற வேலையெல்லாம் நீங்க பாக்காதீங்க. நல்லா சாப்ட்டீங்க இல்ல? அவரு பக்கத்துச் சோத்தையும் நீங்களே துன்னுட்டுப் போங்க. ஒரு பருக்க கூட வீணாவக் கூடாது."

"நா இன்னா சொல்லிட்டேன் தங்கச்சி," என்று அவர் இழுத்தது கேட்டது.

கறி நார்நாராக இருந்தது. மென்று தின்றேன். காய் முழுவதையும் தின்றேன். நாளையிலிருந்து மதியச் சாப்பாடு இங்கிருந்து கடைக்கு வரும் என்று மாமியார் பிறகு சொன்னார். என்னைக் கேட்கவில்லை. சொன்னார். ஸ்கேனுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. முடியும் என்று தோன்றியது.

பெண்கள் விடைபெறும்போது ஒருத்தி அழுதாள். மாமியார் அவளிடம், "எம் புள்ளய வுட்டுடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா," என்றார். நாற்பது நாளாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லி வந்தார். நான் மறுத்ததில்லை.

எல்லோரும் போனதும் என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"நா அங்க இல்ல மாப்ள. அது நானா சொல்லிக்கினு இருக்கறது. இன்னிக்கி ஒண்ண நெசமா சொல்லிட்டீங்க. இதையும் சொல்லுங்க. கடைசியா இன்னா சொன்னா?"

சொன்னேன். ஆஸ்பத்திரியில் அன்று காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் பையிலிருந்து கையில் பிளேட்லெட் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் கீழே ஹோட்டலுக்குப் போய் வருவதற்குள் அவளை ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். வாயில் குழாய் இருந்தது. அதற்குப் பிறகு பேசவில்லை. நான் எழுந்து போகும்போது அவள் சொன்னதுதான் கடைசி.

"போய் சாப்ட்டு வாங்க. பரோட்டா ரெண்டோட நிறுத்துங்க. மூணாவது துன்னீங்கன்னா உக்காந்த எடத்துலயே தூங்கிடுவீங்க."