தலைகீழாக மாட்டிய விசிறிகள்

அக்காவின் கேமிங் லேப்டாப் கொதிக்கிறதே என்று, பழைய கணினியின் இரண்டு விசிறிகளைப் பலகையில் பொருத்தி லேப்டாப்பின் அடியில் வைத்தேன். பத்தே நிமிடத்தில் திரை அணைந்துவிட்டது. மாலைக்குள் அவள் அனுப்ப வேண்டிய ஆய்வேடு அதற்குள்தான் இருந்தது.

லேப்டாப்பை எடுத்துவிட்டு, விசிறிக்கு மேலே ஒரு காகிதத்தைப் பிடித்தேன். அது பறக்காமல் விசிறியோடு ஒட்டிக்கொண்டது. தலைகீழாக மாட்டி, லேப்டாப் இழுக்க வேண்டிய காற்றை நானே பிடுங்கியிருக்கிறேன்.

"என்னடா, லேப்டாப்போட ஏரோப்ளேன் சத்தம் நின்னுடுச்சு?" அக்கா ஈரத்தலையோடு வந்தாள்.

"நான்தான்க்கா கெடுத்துட்டேன்."

லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். "ஆய்வேட்டுக்கு வேற காப்பி இல்லடா."

சூடு ஆறும்வரை காத்திருந்தோம்.

"நீயே ஆன் பண்ணு. எனக்குத் தைரியம் இல்ல," என்றாள்.

பொத்தான்மேல் விரலை வைத்தேன். அழுத்த எனக்கும் தைரியம் வரவில்லை.