கத்தரிக்காய்த் தண்ணீர்

எவர்சில்வர் பேசினில் தண்ணீர், தண்ணீரில் வட்டம் வட்டமாகக் கத்தரிக்காய்த் துண்டுகள், வெள்ளை வெளேரென்று மிதக்கின்றன, ஓரத்தில் மட்டும் ஊதாக் கரை, தண்ணீர் அவ்வளவு தெளிவு, கல்யாணச் சீராக வந்த அந்தப் பேசினின் அடியில் வெட்டியிருக்கிற பெயர்கூடத் தெரிகிறது, செலஸ்தீன், அவளுடைய பெயர்தான், அவள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், ஓவன் தட்டை எடுத்துவரப் பின்கட்டு அறைக்குப் போனாள், தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்தாள், அதற்குள் கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டது யார், வீட்டில் அவளைத் தவிர ஆள் இல்லை, புருஷன் சவரிராயன் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது, அவள் நேற்று மாலைப் பூசையே பார்த்துவிட்டாள், நறுக்கும் பலகையில் கத்தி கிடக்கிறது, தான் போகும்போது அது அங்கே கிடந்ததா, காய் முழுசாகப் பையில் இருந்ததா, எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

கத்தரிக்காயை அரிந்தால் தண்ணீரில் போடுவது இந்தப் பக்கத்துக் கைகளுக்கு யாரும் சொல்லித்தராமலே வருவது, கறுக்காமல் இருக்கும், குழம்புக்கு அதுதான் சரி, ஆனால் இது குழம்பு இல்லையே, ரத்தத்தூய், பிரெஞ்சுக்காரர்கள் கோடைக் காய்களைப் போட்டுச் செய்வது, இதை ஓவனில் வைத்து வாட்ட வேண்டும், தண்ணீர் குடித்த கத்தரிக்காய் வாடாது, வெந்து கூழாகிவிடும், பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் இதே தப்பைச் செய்து, அன்றைக்கு மேசைக்குப் போனது கூழ்தான், மதாம் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள், அதற்கப்புறம் இருபத்துநாலு வருஷம் அந்த வீட்டில் ஒருநாள்கூட இவள் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் காட்டியதில்லை, உப்பைத் தூவி வைத்தால் அதுவே வேர்த்துவிடும், துணியால் ஒற்றி எண்ணெய் தடவித் தட்டில் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும், அடுத்து சுக்கினி, குடைமிளகாய், வெங்காயம், தோலோடு பூண்டு, தக்காளி மட்டும் பாதி வாடிய பிறகு, அது நீர் விடுகிற ஜாதி, இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதனால்தான் இன்றைக்கு ரத்தத்தூய் என்று முடிவு செய்தாள். போன செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மாதா கோயில் முனையில் நின்றுவிட்டாளே, இடமா வலமா என்று தெரியாமல், பிறந்து வளர்ந்த ஊரில், கீரைக்கட்டு வெயிலில் வாடும்வரைக்கும் நின்றாள், பூக்காரி கூப்பிட்டு, என்னக்கா யாரையாவது பாக்குறியா என்று கேட்டபோது ஆமாம் என்று பொய் சொன்னாள், அன்றைக்குத் தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள், ஞாயிற்றுக்கிழமை ரத்தத்தூய் பிசகில்லாமல் வந்துவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை, அது வெறும் வெயில், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பேசினைத் தொடக்கூடப் பயமாக இருந்தது, தொட்டால் தான்தான் போட்டது என்று உறுதியாகிவிடும் போல. அதை அப்படியே விட்டுவிட்டுச் சுக்கினியை எடுத்தாள்.

கத்தி நடக்கிறது, டக் டக்கென்று, அது அம்மாவின் கத்திச் சத்தம், கடைசிக் காலத்து அம்மா பக்கத்து வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறாள், அது தன் வீடு என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மேரிக்கண்ணு ஒன்றும் சொல்லாமல் அரியவிட்டு, அரிந்த தட்டையே கையில் கொடுத்து அனுப்புவாள், அம்மா தட்டோடு வந்து நின்று, இவ எதுக்கு என் வீட்டுல உக்காந்திருக்கா என்று கோபிப்பாள், சாவி காணோமென்றால் வேலைக்காரி, சங்கிலி காணோமென்றால் மருமகள், அம்மா ஒருநாளும் தன்னைச் சொன்னதே கிடையாது, செலஸ்தீன் அப்போதெல்லாம் நினைப்பாள், எனக்கு இப்படி ஒன்று வந்தால் முதலில் நானே கண்டுபிடித்துவிடுவேன், அடுத்தவர் மேல் பழி போட மாட்டேன். தட்டில் சுக்கினிக்கு உப்புப் போட்டோமா. ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கிறாள், உப்பு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது, ஓவனைப் போட்டோமா, சிவப்பு விளக்கு எரிகிறது, போட்டிருக்கிறோம், நல்லது.

மறதி என்றால் அது சவரிராயனுக்குத்தான், தெருவுக்கே தெரியும், பென்ஷன் வாங்க ஆரம்பித்ததிலிருந்து மனுஷன் ஒரு தினுசாகத்தான் இருக்கிறார், சர்க்கரை டப்பாவைக் கொண்டுபோய் பிரிட்ஜில் வைத்தார், பாலை இறக்கிவிட்டு அடுப்பை எரியவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினார், வீட்டுச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டார், மகள் எவ்லின் பிறந்தநாள் பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு, இவள் ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டம் கத்தித் தீர்ப்பாள், அவர் தலையைச் சொறிந்துகொண்டு, நான்தான் போலிருக்கு செலஸ்தீன், வயசாச்சு இல்ல என்பார், கடலூரில் கட்டிக்கொடுத்த எவ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்தினாள், அப்பாவ ஒரு தடவ டாக்டர்கிட்ட காமிச்சிடலாம்மா என்றாள், நாளைக்குப் பத்து மணிக்குச் சீட்டு வாங்கியாயிற்று, பல் வலிக்கே மூன்று வருஷம் டிமிக்கி கொடுத்த மனுஷன் இதற்கு உடனே தலையாட்டினார், உங்க அம்மாவும் கூட வரட்டும் என்று மட்டும் மகளிடம் சொன்னார். ரத்தத்தூய் என்ற பேரைக் கேட்டாலே கேலி செய்வார், என்னடி இது, ரத்தப் பரிசோதனை மாதிரி ஒரு சாப்பாடு என்பார், ஆனால் ரொட்டியைத் தொட்டுத் தொட்டுத் தட்டை வழித்துவிடுவார். குடைமிளகாய் ஆயிற்று, வெங்காயம் ஆயிற்று, பூண்டு, எண்ணெய், உப்புப் போட்டோமா, கடவுளே, போட்டோமா இல்லையா.

கேட் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், சவரிராயன் பகேத் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார், பேசினைப் பார்த்தார், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார், அட, நான்தான் செலஸ்தீன் என்றார், பூசைக்குக் கெளம்புறப்பவே அரிஞ்சு போட்டுட்டுப் போனேன், உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு, தண்ணியில போடக் கூடாதுன்னு மறந்தே போச்சு பாரு. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது, அழுகையே வந்துவிடும் போல அவ்வளவு நிம்மதி, உங்களுக்கு எத்தன தடவதான் சொல்றது என்று கத்த வழக்கம்போல வாயைத் திறந்தாள், பேசினைக் கையால் காட்டினாள், தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது, அடியில் பெயர் தெரியவில்லை. அரிந்த கத்தரிக்காய் கால் மணி நேரத்தில் தண்ணீரைக் கறுக்க வைத்துவிடும், எந்தச் சமையல்காரிக்கும் தெரியும், அவள் முதலில் பார்த்தபோது தண்ணீர் தெளிந்து கிடந்தது, அப்போது இவர் போய் ஒரு மணி நேரம். திறந்த வாய் அப்படியே நின்றது. இவர் சர்க்கரை நோய்க்காரர், சர்க்கரை டப்பாவைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது, அது எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று, அடுப்பில் பால் வைக்கவே தெரியாத ஆள், அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் கேட்கிற ஆள், ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான்தான் என்று சொல்லியிருக்கிறார், அவள் அவரைத்தான் திட்டித் தீர்த்திருக்கிறாள், அம்மா மேரிக்கண்ணுவைத் திட்டியது போலவே.

எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு என்று கேட்டாள். அவர் ரொட்டியை மேசையில் வைத்தார், வைத்ததை எடுத்து வேறு பக்கம் வைத்தார், கிறிஸ்மஸ்லேர்ந்து என்றார். அவளுக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது, இந்த மனுஷனைத் திட்டியதையெல்லாம் நினைத்து வெட்கமாகவும் இருந்தது, எதை முதலில் சொல்வதென்று தெரியாமல், நாளைக்குச் சீட்டுல யார் பேரு போட்டிருக்கு என்றாள். என் பேருதான். அத மாத்தச் சொல்லணும். சரி. நீங்க கூட வருவீங்க இல்ல. வராம எங்க போவேன் என்றார், சொல்லிவிட்டுக் கொடியிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்துவந்து மேசையில் விரித்தார், இதுங்கள இப்ப என்ன பண்றது, தூக்கிப் போட்டுடலாமா என்று கேட்டார், வேண்டாம், உப்புப் போட்டுப் பிழிஞ்சு நல்லாத் துடைச்சா கொஞ்சமாவது வாடும் என்றாள், பாதி கூழாகத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வட்டமாக எடுத்துப் பிழிந்து ஒற்றி அடுக்கினார்கள், அவர் கோணல் மாணலாக, ஒன்றன்மேல் ஒன்றாக, அவள் திருத்தவில்லை. தட்டு உள்ளே போயிற்று, பேசினைத் தூக்கித் தொட்டியில் சாய்த்தாள், பழுப்புத் தண்ணீர் சுழன்று இறங்கியது, அடியில் செலஸ்தீன் என்று இருந்தது, அதை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள், பிறகு திரும்பாமலே கேட்டாள், என்னங்க, சுக்கினிக்கு உப்புப் போட்டோமா. நான் வந்தப்ப ஏற்கெனவே உப்பு வெள்ளையாக் கெடந்ததுமேலயே திரும்பப் போட்டுக்கிட்டிருந்த, பரவால்ல, இன்னிக்கு ரொட்டி கொஞ்சம் ஜாஸ்தியா வாங்கியிருக்கேன் என்றார் சவரிராயன்.