பதினொரு சென்டிமீட்டர்

குற்றாலம் டாக்ஸி ஸ்டாண்டில் என்னை ‘ரெண்டு விரல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மசூது என்று வாப்பா வைத்த பெயர் டிரைவிங் லைசென்ஸில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

எழுபத்தெட்டில் எனக்கு துபாயில் டிரைவர் வேலை வந்தது. பம்பாய்க்கு அனுப்பும் முன் உள்ளூர் டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார் ஏஜென்ட். தென்காசியில் வல்லிநாயகம் டாக்டர் என்னைப் படுக்கச் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தினார். உதட்டைப் பிதுக்கினார்.

“ஈரல் ரெண்டு விரல் இறங்கியிருக்கு. குடியை விட்டுட்டு வா, பாப்போம்.”

“நான் குடிச்சதே இல்ல டாக்டர்.”

“எல்லாவனும் இதைத்தாம்லே சொல்லுதான்” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் குடிகாரன் என்ற பேச்சு ஏஜென்ட் வாயிலிருந்து ஊர் வாய்க்குப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. விசா வேறொருவனுக்குப் போனது, தொலையட்டும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி அண்டா கிண்டுவது என் வேலை. அந்த வருஷம் நான் அகப்பையைப் பிடித்ததும், காஜா அண்ணன் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். “நீ உக்காரு மசூது” என்றார். வைதிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன். அவர் மரியாதையாகச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். என் மனைவி ஹைருன் ஒரு சின்னப் பானையில் கஞ்சி வைத்து, அகப்பையை என் கையில் கொடுத்தாள்.

“இங்கன கிண்டுங்க. ஊரு என்னமும் சொல்லிட்டுப் போட்டும். நீங்க குடிக்க மாட்டீயன்னு எனக்குத் தெரியும்.”

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருஷம் தலை நிமிர்ந்து வண்டி ஓட்டினேன். ஊரில் என்னை நம்பியது அவள் ஒருத்திதான்.

எண்பத்தொன்றில் சீசனும் நோன்பும் சேர்ந்து வந்தன. மதுரையிலிருந்து வடிவாம்பாள் என்று ஒரு பெரிய டாக்டரம்மா கணவரோடு வந்து தங்கியிருந்தார். “ஏலே ரெண்டு விரலு, ஐந்தருவிக்கு சவாரி!” என்று ஸ்டாண்டில் கத்தினான் ஒருத்தன். வண்டியில் ஏறியதும் அந்தம்மா, அது என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். நான் குடித்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

திரும்பி வந்ததும் தங்கியிருந்த பங்களா வராந்தா பெஞ்சில் என்னைப் படுக்கச் சொன்னார். வலது காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழாக, ஒரு விரலை நெஞ்சில் வைத்து இன்னொரு விரலால் தட்டிக்கொண்டே வந்தார். தவலையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று தட்டிப் பார்ப்பதுபோல. ஓரிடத்தில் சத்தம் மந்தமானது. அங்கே பேனாவால் ஒரு புள்ளி. கீழே ஈரல் முடிகிற இடத்தில் இன்னொரு புள்ளி. தையல் டேப்பை வைத்து அளந்தார்.

“பதினொரு சென்டிமீட்டர். சரியான அளவுதான். உங்களுக்கு ஒல்லியான உடம்பு. மூச்சை இழுத்தா ஈரல் கீழே இறங்கி கைக்குத் தட்டுப்படும். அதுக்காக வீங்கியிருக்குன்னு அர்த்தமில்லை. மேலே எங்கே ஆரம்பிக்குதுன்னும் பார்க்கணும். இதைப் பார்க்காம அந்த டாக்டர் ஏன் எழுதினார்?”

அதைக் கடிதமாகவே எழுதித் தந்தார். பசி, தாகம் எல்லாம் மறந்து தென்காசிக்கு விரட்டினேன்.

வல்லிநாயகம் டாக்டர் கடிதத்தைப் படித்தார். பழைய நோட்டைத் தேடி எடுத்துப் புரட்டினார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“மேல தட்டிப் பாக்காதது என் தப்புதாம்ப்பா. ஆனா உன் வீட்டுக்காரியே முந்தின நாள் வந்து, தினம் குடிக்கிறாரு, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சே. அதுக்குப் பிறகு நான் எதைத் தட்டிப் பாக்க?”

வீட்டில் ஹைருன் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். சட்டையைத் தூக்கி இரண்டு புள்ளிகளையும் காட்டினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

“எங்க அக்கா ஏழு வருஷமா துபாய் போன மச்சான் குரலை கேசட்டுல கேட்டுக்கிட்டுக் கெடக்கா. என்னால அது முடியாது. விசா மட்டும் போவும்னு நெனச்சேன். ஊருக்குத் தெரியும்னு நெனைக்கல.”

“கஞ்சி அகப்பையைப் புடுங்குன அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நீங்க போயிருவீயளே.”

அவள் என்னை நம்பியதே இல்லை. நம்பவேண்டிய தேவை அவளுக்கு இல்லை, உண்மை தெரிந்திருந்தது. என்னை அழவைத்துவிட்டு, அவளே அகப்பையும் கொடுத்திருக்கிறாள். அடுப்பில் கஞ்சி அடிபிடித்தது. அவள் அகப்பையை நீட்டினாள். நான் வாங்கவில்லை. பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்ததும் வரிசையில் ஆட்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டியிருக்கலாம். ‘பிறகு அந்த டாக்டர் ஏன் அப்படி எழுதினார்?’ என்று ஒரே ஒரு ஆள் கேட்டால் போதும், ஹைருன் பெயர் சந்திக்கு வந்துவிடும்.

காஜா அண்ணன் என் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினார். குனிந்து, யாருக்கும் கேட்காமல், அதே மரியாதையோடு கேட்டார்.

“விட்டுட்டியா மசூது?”

“விட்டுட்டேன் அண்ணே” என்றேன்.