காந்தம் ஒட்டாத தகடு

பிரஷ் போன வழியெல்லாம் துரு பிடித்திருந்தது. கழுவிய பாத்திரங்களை வடிய வைக்க நான் செய்த ஸ்டீல் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் கவனித்தேன். வெல்டிங் வைத்த மூன்று மூலைகளிலும், வெல்டிங் கரியை எடுக்க நான் தேய்த்த திசையிலேயே, பழுப்புக் கீறல்கள். நாலாவது மூலை மட்டும் பளிச்சென்று இருந்தது. அங்கே வரும்போது கை வலித்து நான் பிரஷைப் போட்டுவிட, மனைவிதான் பாத்திரம் தேய்க்கும் நாரால் துடைத்து முடித்தாள்.

அது இரும்புக் கம்பி பிரஷ். போன மாதம் வாசல் கேட்டில் துருவைச் சுரண்டியதும் அதே பிரஷ்தான். அதால் தேய்த்தால் இரும்புத் துகள் ஸ்டீலில் ஒட்டிக்கொள்ளும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏற எனக்கு இரண்டு தட்டு தேவைப்பட்டது.

ஆமாம், இது இரண்டாவது தட்டு. முதல் தட்டின் கதையைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஆபீசில் கோப்பு தள்ளுகிறவன் நான். கைப்பெட்டி அளவு வெல்டிங் மெஷின் ஒன்றை வாங்கி, போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். மெல்லிய ஸ்டீல் தகடு லேசில் மசியாது. கை கொஞ்சம் தாமதித்தால் ஓட்டை விழும், கரண்டைக் குறைத்தால் வெல்டிங் ராடு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். சூட்டை இழுக்க அடியில் செம்புப் பட்டையைக் கொடுத்து, புள்ளி புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டினேன். முடித்த அன்று மனைவி, "பரவாயில்லையே இன்ஜினியர் சார்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன். பத்தே நாளில் மூலையெல்லாம் பழுப்பு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே தகட்டுக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சத்தமாகப் பேசவே தெரியாத மனிதர். நாலைந்து பேர் தகடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் அவருடைய மகள் பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இது ஸ்டீலா, தகர டப்பாவா? யார ஏமாத்துறீங்க?" என்று கத்தினேன்.

அவர் ஒரு காந்தத்தை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தார். ஒட்டாமல் சறுக்கி விழுந்தது. "நல்ல ஸ்டீல்ல காந்தம் ஒட்டாது. இது நல்ல சரக்குதான் சார். நீங்க எதால தேய்ச்சீங்க?"

"இந்த வித்தையெல்லாம் வேற யார்கிட்டயாவது காட்டுங்க. போலிச் சரக்க வித்துட்டு என்னையே கேள்வி கேக்குறீங்களா?"

தகடு பார்த்துக்கொண்டிருந்த இருவர் எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினார்கள். மகளின் பேனா நின்றுவிட்டது. அவர் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு புதுத் தகடு ஒன்றை உருவி, காகிதத்தில் சுற்றி, "கொண்டு போங்க சார்" என்று நீட்டினார். நான் ஜெயித்தவன் மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன். சாப்பிடும்போது அவர் குரலில் பேசிக் காட்டி மனைவியைச் சிரிக்கவும் வைத்தேன்.

அந்தத் தகட்டில் செய்ததுதான் இந்த இரண்டாவது தட்டு. எதால் தேய்த்தீர்கள் என்று அந்த மனிதர் அன்றே கேட்டாரே.

"மறுபடியும் துருவா? திரும்ப ஏமாத்திட்டாரா அவரு?" என்று மனைவி வந்து நின்றாள். நான் பிரஷைக் காட்டி, அன்று கடையில் அவர் மகள் இருந்ததையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னேன். அவள் அந்த நாலாவது மூலையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு முன்னாடியா கத்துனீங்க?"

தட்டையும் பிரஷையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். 'தப்பு என் மேலதாங்க.' வழியெல்லாம் இதையே சொல்லிப் பார்த்தபடி நடந்தேன். கடை வாசலில் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

மகள்தான் முதலில் என்னைப் பார்த்தாள். பில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கடைக்காரர் நிமிர்ந்தார். என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தட்டின் விளிம்பில் அவர் பார்வை நின்றது.

"ஏங்க..." என்று ஆரம்பித்தேன்.

"பரவால்ல சார்" என்றார் மெதுவாக. நான் பைக்குள் கைவிட்டு பிரஷைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவர் அடுக்கிலிருந்து இன்னொரு தகட்டை உருவிக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்திருந்தார்.