வாத்து ஓடை என்று எழுதிய சீட்டு

அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டில், ‘வாத்து ஓடை. சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்’ என்று கிளைவ் மச்சான் எழுதியிருந்தார். சுத்தப் பொய். தங்கம் தேடுகிற எங்கள் ஊர்க்காரன் எவனும் போகிற இடத்தை உள்ளபடி சொல்லமாட்டான். பெண்டாட்டியிடம் சொன்னால் அவள் பேக்கரியில் சொல்வாள், மறுநாள் அங்கே பத்துப் பேர் மண்ணுக்குள் உலோகம் கண்டுபிடிக்கிற மெஷினோடு நிற்பார்கள். அதனால் காரை ஒரு ஓடையில் நிறுத்திவிட்டு மேட்டைத் தாண்டி வேறு பள்ளத்துக்கு நடப்போம்.

நாங்கள் போகிற இடம் ஐரிஷ்காரி பள்ளம். அது தேசியப் பூங்காவின் மூடிய பகுதி. லைசென்ஸ் இருந்தாலும் அங்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு நடக்கவே கூடாது. மாட்டினால் மெஷின் போய்விடும், அபராதம் வேறு. இந்தப் பக்கம் தேடலாம், அந்தப் பக்கம் கூடாது, கடப்பாரை ஆகும், தோண்டுகிற இயந்திரம் ஆகாது, தோண்டினால் மூடு. எத்தனை விதி! எவன் உட்கார்ந்து எழுதினானோ. போன குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தில்தான் இருவரும் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தங்கக் கட்டி எடுத்தோம். பிறகு எந்த விதி எங்கள் காதில் ஏறும்?

ஜனவரி மாதம், எங்கள் ஊரில் நடுக்கோடை. நாற்பத்தொரு டிகிரி. சாயங்காலம் நாலு மணிக்கு நோலீன் அக்கா போன் செய்தாள்.

“டெஸ், உன் மச்சான் இன்னும் வரலடா. பூங்காக்காரங்களுக்குச் சொல்லிட்டேன். வாத்து ஓடையில தேடப் போறாங்க. நீயும் போறியா?”

“போறேன்க்கா. எங்கயாவது கதையடிச்சுக்கிட்டு நிப்பாரு, கவலைப்படாத.”

போனை வைத்தபோதே அவர் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

வாத்து ஓடையில் மச்சானின் கார் நின்றது. பூங்காக் காவலர் பிரான்வென் முப்பது வயதுப் பெண், கறார். கூட நாலு பேர்.

“டெஸ், கார் இங்கதான் இருக்கு. ஓடையோரமாத்தானே தேடுவாரு?”

“ஆமாம்மா, இங்கதான்” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். நானே போய் ஆளைக் கூட்டிவந்துவிட்டால் எவனுக்கும் தெரியாது, மெஷினும் பிழைக்கும், பள்ளமும் பிழைக்கும் என்று நினைத்தேன். உடனே நழுவினால் சந்தேகம் வரும் என்று ஒரு மணி நேரம் அவர்களோடு சேர்ந்து, “கிளைவ்! கிளைவ்!” என்று கத்தினேன். அவர் இல்லை என்று தெரிந்த இடத்தில் அவர் பெயரைக் கத்தியது நான்தான். ஐந்தரைக்கு, மேட்டுப்பக்கம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மேட்டைத் தாண்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. வெயில் இறங்கவே இல்லை. மச்சான் ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் சாய்ந்திருந்தார். தண்ணீர் பாட்டில் காலி. “மச்சான், எந்திரிங்க” என்று தோளைத் தொட்டேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது, ஆனால் உயிர் இல்லை. பக்கத்தில் மூன்று குழிகள். மூன்றையும் மண் தள்ளி மூடி, மேலே சருகு பரப்பியிருந்தார். இருக்கக்கூடாத இடத்தில் இருந்துகொண்டு அந்த ஒரு விதியை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தார்.

நான் அழவில்லை. அவர் மெஷினை எடுத்துப்போய்ப் புதருக்குள் ஒளித்தேன். அதன் பிறகுதான் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப்போய்ப் போன் செய்தேன். இதை எழுதவே கூசுகிறது. ஆனால் செய்தது அந்த வரிசையில்தான்.

பிரான்வென் காட்டுப்பாதை கேட்டின் பூட்டைத் திறந்து ஜீப்பில் வந்தாள். இருபதே நிமிடம். மச்சானின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மூடிய குழிகளைப் பார்த்தாள்.

“மெஷின் எங்க, டெஸ்?”

புதரைக் காட்டினேன். அவள் அபராதம் எழுதுகிற நோட்டை எடுக்கவில்லை.

“இந்த இடம் உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?”

நான் குனிந்து சருகைப் பார்த்தேன்.

“ஆளைக் காணோம்னு வந்தா நாங்க லைசென்ஸா கேப்போம்? என்ன மனுஷங்கய்யா நீங்க! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவள் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. கை கால் எல்லாம் யாருடையதோ போல இருந்தது. ஆறு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் கிளப்பின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைக் குலுக்கினார்கள். “நீ இல்லேன்னா ஆளே கிடைச்சிருக்க மாட்டாருடா” என்றார்கள். பிரான்வென் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் தலையை ஆட்டிக்கொண்டு பீரைக் குடித்தேன். ருசியே தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு அக்கா மேஜையில் மிச்சமிருந்த சாண்ட்விச்சுகளை டப்பாவில் அடுக்கினாள். ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள்.

“சாப்பிடுடா. காலைலேருந்து ஒண்ணும் தின்னல நீ.”

கையில் எடுத்தேன்.

“அந்தப் பள்ளத்துக்கு எப்படிடா போன? அங்க தேடணும்னு யாருக்குமே தோணலியே.”

பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வாய் சலித்துவிட்டது.

“அவர் அங்கதான் இருப்பாருன்னு தெரியும்க்கா.”

“எப்பலேருந்து?”

“நீ போன் பண்ணினப்பவே.”

அவள் டப்பாவை மூடினாள். ஒரு பக்கம் சரியாக அமரவில்லை, மறுபடி அழுத்தினாள்.

“நான் போன் பண்ணினப்ப நாலு மணி.”

“ஆமாக்கா.”

“ஆறு மணி வரைக்கும் இருந்தாருன்னு டாக்டர் சொன்னாரே.”

“ஆமா.”

திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் ஈரத்துணியை எடுத்து மேஜையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தாள்.

“கையை எடு” என்றாள்.

எடுத்தேன். என் கை இருந்த இடத்தையும் துடைத்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனாள்.