அலறல் அக்கா பேசிய படம்

அந்த டப்பிங் கூடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, பார்க்கிற வேலைதான் பெயர். ஒலிப்பதிவு செய்பவர் 'சவுண்டு', வசனம் எழுதுபவர் 'வசனம்', படத்தை வாங்கி வெளியிடும் விநியோகஸ்தர் 'முதலாளி'. அவளுக்கு 'அலறல் அக்கா' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே பேசாமல் இருந்துவிடுவாள்.

வெளிநாட்டுப் படங்களில் சாகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் குரல். மொட்டை மாடியிலிருந்து விழுகிறவள், குளியலறையில் கத்திக் குத்து வாங்குகிறவள், அலமாரிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு விசும்புகிறவள், எல்லாம் அவளே. கதாநாயகிக்கு வசனம் பேச வேறொரு அம்மாள் இருந்தாள். அந்த அம்மாள் காதல், கோபம், கொஞ்சல் எல்லாம் பேசி முடித்துக் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, கழுத்து அறுபடுகிற நேரத்துக்கு மட்டும் இவளைக் கூப்பிடுவார்கள். பேச ஒருத்தி, சாக ஒருத்தி. இது என்ன நியாயம் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அவளும் நெடுநாள் கேட்கவில்லை.

கொரியப் பேய்ப்படங்களும் கொலைப் படங்களும் வரிசைகட்டி வர ஆரம்பித்த பிறகுதான் தானும் வசனம் பேச வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்தது. அந்தப் படங்களை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். தேநீர் வேளையில் வசனத்தோடு மல்லுக்கு நிற்பாள்.

"மத்த ஊர்ப் படத்துல சாகுறவ யாருன்னே நமக்குத் தெரியாது சார். வருவா, வேணும்னே தனியாப் போவா, செத்துப்போவா. நானும் கத்திட்டு வீட்டுக்குப் போயிடுவேன். இவங்க படத்துல அப்படியா? சாகப்போறவ அதுக்கு முந்தின சீன்ல அம்மாகிட்ட போன்ல சண்டை போட்டிருப்பா. புதுச் செருப்பு கடிக்குதுன்னு குதிகால்ல பிளாஸ்திரி ஒட்டியிருப்பா. அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தப்புறம் அவளுக்காகக் கத்தினா, எனக்கே வலிக்குது."

வசனம் லேசில் விடுகிற ஆள் இல்லை. "பிளாஸ்திரி எல்லாம் சரிக்கா. கடைசி அரை மணி நேரத்தைச் சொல்லுங்க. அதுவரைக்கும் வாயே திறக்காத கொலைகாரன் திடீர்னு மேடைப் பேச்சு ஆரம்பிச்சிடுறான். ஏன் கொன்னேன், எப்படிக் கொன்னேன்னு பாடம் நடத்துறான். நாம பார்த்ததையே திரும்பக் காட்டுறாங்க. மழை, வயலின், அழுகை. படம் முடிஞ்சதுன்னு செருப்பை மாட்டினா இன்னொரு முடிவு. அதை எழுதி எழுதி என் கை தேயுது."

"அது இழுவைதான்" என்று அவள் ஒத்துக்கொள்வாள். "ஆனா அந்த அழுகைக்கு ஒரு காரணம் இருக்கு சார். சும்மா ரத்தத்தைக் காட்டிட்டு விட்டுட அவங்களுக்கு மனசு வரமாட்டேங்குது."

அப்படி ஒரு படத்தில்தான் அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களின் கொடுமை தாங்காமல் ஒரு பெண் உயிரை விட்டுவிடுகிறாள். வருஷங்கள் கழித்து அந்தக் கூட்டம் ஒரு பழைய விடுதியில் ஒன்றுகூடுகிறது. மழைக்கோட்டும் வெல்டிங் முகமூடியும் போட்ட ஓர் உருவம் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறது. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும், இறந்த பெண்ணின் தாய்தான் அது.

அந்த உருவம் படம் முழுக்கப் பேசாது, மூச்சு மட்டும்தான் விடும். "மூச்சு விடுறதுக்கு எதுக்கு வேற ஆளு? அலறல் அக்காவையே போடு" என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் கடைசிப் பகுதியைப் பார்க்காமல் சொன்னது அது. கடைசியில், உயிரோடு மிஞ்சிய ஒரே பெண்ணுக்கு எதிரே நின்று அந்தத் தாய் ஆறு நிமிஷம் பேசுகிறாள். வசனம் அந்தத் தாள்களைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் வார்த்தைகள். முழுசு முழுசான வாக்கியங்கள்.

வீட்டில் மகளிடம் சொன்னாள். மகள் பத்தாம் வகுப்பு. கணவன் லாரியோடு பாதி நாள் வெளியூரில் இருப்பான், அதனால் வீட்டில் பேச்சுத்துணை அம்மாவும் பொண்ணும்தான். ஆனால் கொஞ்ச காலமாக மகளுக்குப் பேச்சு சுருங்கிவிட்டது. மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவள் "சாப்பிட்டியா?" என்பாள். "ம்" என்று பதில் வரும். இன்னொரு தடவை கேட்டால், "எப்பப் பாரு இதே கேள்விதானா?" என்று சீறல். சாப்பாட்டு டப்பா மட்டும் பளிச்சென்று கழுவி வைத்திருக்கும். "என் பொண்ணு டப்பாவை ஸ்கூல்லயே கழுவிக் கொண்டுவந்துடுவா, எனக்கு அந்த வேலை மிச்சம்" என்று கூடத்தில் அவள் பெருமையடிப்பதுண்டு.

அன்றைக்கு மட்டும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நிஜமா பேசப் போறியா? எவ்வளவு நேரம்?"

"ஆறு நிமிஷம். படத்தையே முடிக்கிற பேச்சு."

"கத்த மாட்டியே?"

"ஒரு தடவைகூடக் கத்த மாட்டேன்."

"அப்ப என் கிளாஸ்ல ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். நீ பேசுறதை அவங்க கேட்கணும்" என்றாள் மகள். மகளுக்குத் தன்னைப் பற்றிப் பெருமை வந்துவிட்டது என்று நினைத்து அவள் உள்ளம் குளிர்ந்து போனாள்.

ஆறு நிமிஷத்தையும் பேசினாள். நன்றாகவே பேசினாள். முதலாளி தியேட்டர்காரர்கள் சிலரைக் கூப்பிட்டு ஒரு மதியம் படத்தைப் போட்டுக் காட்டினார். கொலைகள் நடக்கும்வரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர்கள், தாய் பேச ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக நெளிந்தார்கள். ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்னொருவர் துணைக்குப் போனார். கடைசி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

முதலாளி மறுநாள் வந்து சொல்லிவிட்டார். "அந்தப் பேச்சை மொத்தமாத் தூக்கிடுங்க. முகமூடி, கத்தி, இருட்டு, படம் முடிஞ்சுது. ஜனங்க பயப்பட வர்றாங்க, துக்கம் விசாரிக்க வரல." அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றும் சொல்ல முடியாது. படத்தில் இறந்த பெண்ணின் சாப்பாட்டு டப்பாவைத் தாய் திறந்து பார்க்கிற இடத்தில் மூக்கை உறிஞ்சியவர் அவர்தான். "வசனகர்த்தாவே, நாளைக்குள்ள யாரும் எழுந்து போகாத மாதிரி சுருக்கிக் காட்டு. முடியலைன்னா வெட்டிடு" என்று தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

வெட்டினால் அந்தத் தாய் வெறும் பிசாசு. ஏன் கொன்றாள் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அவளுடைய பேச்சும் போய்விடும், மகளுக்குக் கொடுத்த வாக்கும் போய்விடும்.

வசனம் தாள்களை விரித்து வைத்து, இங்கே ஒரு வாக்கியம் அங்கே ஒரு வாக்கியம் என்று அடித்துப் பார்த்தார். வாசித்தால் அதே இழுவை, கொஞ்சம் இளைத்த இழுவை. அவள் சவுண்டிடம் சொல்லி அந்தக் காட்சியைச் சத்தமே இல்லாமல் ஓடவைத்தாள். தாயின் முகமூடி பேச்சு முடியும்வரை இறங்கியே இருக்கிறது. எதிரே நிற்கும் பெண் நடுங்குகிறாள், அழுகிறாள், ஓரிடத்தில் இல்லை என்று மெல்லத் தலையாட்டுகிறாள். அதற்குப் பிறகுதான் தாய் முகமூடியைத் தூக்குகிறாள். அந்த முகத்தில் பேச்சே இல்லை.

"முகமூடிக்குள்ள வாய் தெரியலையே சார்" என்றாள்.

"ஆமா. அதனாலதான் உதட்டசைவைப் பத்திக் கவலைப்படாம எழுதினேன். என்ன வேணா பேசலாம்."

"பேசாமலும் இருக்கலாம்."

வசனம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "அக்கா, இது உங்களோட மொத்த வேஷம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

தெரிந்துதான் சொன்னாள். ஆனால் சொன்ன மறு நிமிஷமே, ஏன் சொன்னோம் என்று இருந்தது. எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். இத்தனை வருஷம் கத்திக் கத்தித் தொண்டை புண்ணானதற்குக் கிடைத்த ஒரே பலன் அந்தத் தாள்கள். தன் கையாலேயே அதற்குக் கொள்ளி வைப்பதா? மகள் நிமிர்ந்து உட்கார்ந்த அந்த முகம் கண்முன்னே வந்து நின்றது. இன்னொரு பக்கம், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவரின் முதுகும் வந்து நின்றது. படத்தை அவள் நேசித்தாள். நேசித்ததால் அதன் குறையும் அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தாய் நியாயம் கேட்கக் கேட்க, அவள் துக்கம் தேய்ந்துகொண்டே போனது.

திரும்பி வந்து தாள்களைப் புரட்டினாள். பள்ளி நிர்வாகத்தைத் திட்டுகிற பத்திக்கும் போலீசைத் திட்டுகிற பத்திக்கும் நடுவே, போகிற போக்கில் ஒரு கேள்வி மாட்டிக்கொண்டு கிடந்தது. அதன்மேல் விரலை வைத்தாள். "இது மட்டும் போதும் சார். மத்ததை நான் மூச்சுல பார்த்துக்கறேன்."

மூச்சு விடுவதில் அவளை மிஞ்ச ஆள் ஏது? பயந்த மூச்சு, பதுங்கிய மூச்சு, நின்றுபோகப் போகிற மூச்சு என்று எல்லாம் விட்டுப் பழகியவள். மைக் முன்னால் நின்று, படத்திலிருக்கும் தாய் ஒவ்வோர் அடியாக அந்தப் பெண்ணை நெருங்க நெருங்க, இரும்பு முகமூடிக்குள் மோதித் திரும்புகிற மூச்சை விட்டாள். அந்தப் பெண் தலையாட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து வீட்டில் விசாரிப்பது போல, சாதாரணமாகக் கேட்டாள்.

"அன்னைக்கு மத்தியானம் அவ சாப்பிட்டாளா?"

திரையில் அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள். தாய் முகமூடியைத் தூக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு, அடுத்த பொத்தானை அழுத்த மறந்து உட்கார்ந்திருந்தார்.

முதலாளி வந்து பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "இருக்கட்டும்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "நல்லாப் பண்ணிருக்கம்மா" என்றார்.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை, மதியக் காட்சிக்குப் போனார்கள். மகளும் அவளுடைய வகுப்புத் தோழிகள் இருவரும் நடுவில், இவள் ஓரத்தில். ஆறு நிமிஷம் ஒரு வரியாகிவிட்ட சேதியை மகளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தோழிகள் முதல் பாதியில் அலறினார்கள், சிரித்தார்கள், கேலி பேசினார்கள். போனில் சிக்னல் போய்விட்டது என்றதும் "ஆரம்பிச்சுட்டாங்கடா" என்றார்கள். ஒருத்தி தனியாக நிலவறைக்கு இறங்கியதும், "போ, போ, உனக்காகத்தான் காத்திருக்கு" என்றார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கொரியாக்காரனுக்கும் அந்த நிலவறை இல்லாமல் பிழைப்பு ஓடாது போலிருக்கிறது.

பிறகு அந்த இடம் வந்தது. மூச்சு. மழை. அந்தக் கேள்வி. பாப்கார்னுக்குள் போன ஒரு தோழியின் கை உள்ளேயே நின்றுவிட்டது. மற்றவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். யாரும் எழுந்து போகவில்லை.

வெளியே வந்ததும் தோழிகள் இவள் முகத்தைப் பார்க்காமலே "வர்றோம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்கள். அம்மாவும் பொண்ணும் நடந்தார்கள். தெரு முனை திரும்பியதும் மகள் கேட்டாள். "ஆறு நிமிஷம்னு சொன்ன."

"சொன்னேன்."

"ஒரே ஒரு வரி."

"கோபமா?"

மகள் முன்னால் நடந்தாள். வாக்குத் தவறிவிட்டோமே என்ற குறுகுறுப்போடு அவள் வீடு வந்து சேர்ந்தாள். சமையலறை விளக்கைப் போட்டு, மறுநாளைக்கு வேண்டுமே என்று மகளின் சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் துடைத்தாள். மகள் வாசற்படியிலேயே நின்றாள்.

"அம்மா, நான் சாப்பிடுறதில்லம்மா."

"என்னது?"

"ஸ்கூல்ல. மத்தியானம். சாப்பாட்டைக் கொட்டிட்டு, டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்துடுவேன்."

யார், எப்போதிலிருந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை, டீச்சரிடம் சொன்னாயா என்று கேள்விகள் முண்டியடித்துக்கொண்டு அவள் தொண்டை வரை வந்துவிட்டன. அத்தனையையும் விழுங்கினாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மூச்சை மட்டும் விட்டாள். மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டு வருகிறதா, அழுகை வருகிறதா என்று காத்திருந்து, இரண்டும் வராததால் மெல்ல ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு வந்தாங்களே, அவங்க ரெண்டு பேரும்தாம்மா. நான் டப்பாவைத் திறந்ததும் எல்லாரையும் கூட்டிட்டு வந்து சுத்தி உக்காந்துப்பாங்க. உங்கம்மா மாதிரி ஒரு தடவை கத்துடி, கத்தினாத்தான் சாப்பிட விடுவோம்னு..."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு நிஜமாகவே அலற வேண்டும் போலிருந்தது. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்து, முழுக்கச் சொல்லி முடிக்கட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டாள்.